ஆடாதோடையும் வேணும், பம்பும் வேணும்

போன தை மாசம் எங்கள் கொல்லையில் ராகி போரடிப்பு. நான் களத்துக்கு மேல்காற்றுப் பக்கமாக, ஓரமாகத்தான் நின்றேன். பத்து மணிக்குக் காற்று திசை மாறியது. சுணை கலந்த தூசி முகத்தில் அடித்த ரெண்டாவது நிமிஷம் நெஞ்சு இறுகி, இழுப்பு வந்துவிட்டது. சட்டைப் பையில் இருந்த நீலநிற பம்பை எடுத்து ரெண்டு தடவை இழுத்துக்கொண்டு, வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

இயற்கை விவசாயம் பார்க்க வந்திருந்த ஒரு தம்பி பின்னாலேயே வந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "என்னங்க ஐயா, வேலி பூரா ஆடாதோடை வச்சிருக்கீங்க. கொல்லையில ஒரு சொட்டு ரசாயனம் விடமாட்டேன்னு சொல்றீங்க. நீங்களே இங்கிலீஷ் மருந்து இழுக்கறீங்களே?"

அந்த நேரத்தில் பதில் சொல்ல மூச்சில்லை. அதனால் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி நம் இயக்கத்தில் பல பேருக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்கே இருந்தது. அதனால் நான் சாகப் பார்த்த கதையும் உண்டு. ஆகவே தம்பிக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு மண்ணுக்கு வந்தவன். ஆனால் இந்த நோயோடு நாற்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

முதலில் நோய் என்ன என்று பார்த்துவிடுவோம். சித்த மருத்துவத்தில் இரைப்பு, ஈளை, சுவாசகாசம் என்று சொல்கிறார்கள். நம்ம பக்கத்தில் இழுப்பு, வீசிங். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்க்குள் மூன்று காரியம் நடக்கிறது. ஒன்று, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. ரெண்டு, குழாயின் உட்சுவர் புண்பட்டதுபோல் அழன்று வீங்குகிறது. மூன்று, கெட்டிச் சளி சேர்ந்து அடைக்கிறது. இதில் முதலாவது நிமிஷத்தில் வந்து நிமிஷத்தில் போகும். ரெண்டாவது அப்படியில்லை. நமக்கு இழுப்பே இல்லாத நாளிலும் உள்ளே அழற்சி இருந்துகொண்டே இருக்கும். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மருந்து?" என்று நினைக்கிற நாளில்தான் அடுத்த தாக்குதலுக்கு உள்ளே வேலை நடக்கிறது. இந்த மூன்றையும் பிரித்துப் புரிந்துகொண்டால், எந்த மூலிகை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது தானாகவே விளங்கும்.

இப்போது ஆடாதோடைக்கு வருவோம். நமக்கு அதை வேறு ஆளாகத் தெரியும்: நொச்சி, வேம்பு, எருக்கு இவற்றோடு சேர்த்து இடித்து ஐந்திலைக் கரைசல் போடுகிறோமே, அந்தச் செடி. ஆடு தொடாது, மாடும் கடிக்காது. அதனால் வேலிக்கு ஆச்சு. தழையை வயலில் மிதித்தால் உரமும் ஆச்சு. ஆடு தொடாத அந்தக் கசப்புக்குக் காரணமானது வாசிசின் என்கிற பொருள். 1888-இல் அதைப் பிரித்தெடுத்தவர் டேவிட் ஹூப்பர். உதகமண்டலத்தில் அரசாங்கத்தின் சிங்கோனாப் பட்டை ஆய்வாளராக இருந்த வெள்ளைக்காரர். அந்த வாசிசினை மாதிரியாக வைத்து, 1960-களில் ஐரோப்பாவில் புரோம்ஹெக்சின் என்ற மருந்தைச் செய்தார்கள். அதிலிருந்து வந்தது ஆம்ப்ராக்சால். மருந்துக்கடையில் இருமல் சிரப் பாட்டில் வாங்கினால், பின்பக்கம் இந்த ரெண்டில் ஒன்று எழுதியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நம்ம வேலிச் செடியின் பேரப்பிள்ளைகள் அவை.

ஆனால் கவனியுங்கள். புரோம்ஹெக்சின் சளியை இளக்குகிற மருந்து. அதாவது மேலே சொன்ன மூன்றில் மூன்றாவதுக்கு. வாசிசினுக்கு மூச்சுக்குழாயைக் கொஞ்சம் தளர்த்துகிற குணமும் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நடுராத்திரியில் இறுகிப்போன குழாயைத் திறக்கிற அளவுக்கு இல்லை. நான் இப்போதும் பனிக்காலத்தில், சளி கட்டும்போது, ஆடாதோடை இலை ரெண்டு மூன்று, மிளகு நாலு தட்டிப்போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரைப் பாதியாகச் சுண்டவைத்து, தேன் கலந்து குடிக்கிறேன். ரெண்டு மூன்று நாளில் சளி இளகி வெளியே வருகிறது. கசப்பு பிடிக்காதவர்கள் சித்த மருந்துக்கடையில் ஆடாதோடை மணப்பாகு வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்வதில்லை: கர்ப்பமான பெண்கள் ஆடாதோடையைத் தொடவே கூடாது. வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கிற குணம் உண்டு. "இலைதானே, என்ன செய்யும்" என்று மருமகளுக்குக் கசாயம் வைத்துக் கொடுக்கிற மாமியார்கள் தயவுசெய்து இதைப் படிக்கவும்.

தூதுவளையும் கண்டங்கத்திரியும் அடுத்தவை. ஒன்று வேலியில் ஏறும் முள்கொடி, இன்னொன்று தரையோடு படரும் முள்செடி. ரெண்டும் கத்திரிக் குடும்பம். இவற்றை ஆஸ்துமா நோயாளிகளிடமே கொடுத்துச் சோதித்த சிறு ஆய்வு ஒன்று 1999-இல் வெளியானது. 300 மில்லிகிராம் செடிப்பொடி கொடுத்து, ஊதச் சொல்லி அளந்து பார்த்தார்கள். மூச்சு உண்மையாகவே கொஞ்சம் திறந்தது. ஆனால் சால்பூட்டமால், டெரிஃபிலின் மாத்திரைகள் அளவுக்கு இல்லை என்றும் அதே ஆய்வு எழுதுகிறது. இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமும் ஏமாற்றமும் சேர்ந்து வந்தது. பாட்டி வைத்த தூதுவளை ரசம் வெறும் நம்பிக்கை இல்லை. அதே சமயம் பம்புக்கு மாற்றும் இல்லை. வாரத்துக்கு ரெண்டு நாள் துவையலோ ரசமோ எங்கள் வீட்டில் உண்டு. உணவாகச் சாப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

நஞ்சறுப்பான் என்றொரு கொடி இருக்கிறது. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மூலிகை ஆர்வலர்கள் இதைப் பெரிதாகப் பேசுகிறார்கள். 1960-களின் கடைசியில் டெல்லியில் டாக்டர் சிவ்புரி குழுவினர் இதன் இலையை நாளுக்கு ஒன்றாக 6 நாள் மெல்லக் கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்கு வாரக்கணக்கில் இழுப்பு குறைந்தது. நல்ல செய்தி என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். வாய்ப்புண், வாந்தி, உப்பு ருசி தெரியாமல் போவது ஆகியவையும் வந்தன என்பதை விட்டுவிட்டார்கள். 1979-இல் இன்னொரு குழு, யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் பொடி என்று தெரியாதபடி கொடுத்துச் சோதித்ததில் வித்தியாசமே தெரியவில்லை. முதல் வருஷம் நல்லா விளைந்தது என்று ஒரு ரகத்தை ஊர் பூரா பரப்பக் கூடாது இல்லையா? அப்படித்தான் இதுவும்.

ஊமத்தை கதை இன்னும் பெரிசு. 1800 வாக்கில் சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் (மதராஸில் முசுக்கொட்டை நட்டுப் பட்டுப்புழு வளர்க்க முயன்றவரும் இவர்தான்) ஊமத்தையைப் புகைத்தால் இழுப்பு நிற்கிறது என்று சொல்லி வந்தார். 1802-இல் ஜெனரல் ஜென்ட் என்பவர் அந்தப் பழக்கத்தை எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவில் ஆஸ்துமா சிகரெட் என்றே கடையில் விற்றார்கள். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் மூச்சுக்குழாயைத் திறக்கும், உண்மை. புத்தியையும் பேதலிக்க வைக்கும், இதயத்தைத் தாறுமாறாக ஓடவைக்கும், அளவு தப்பினால் ஆளையே கொல்லும். அந்த அட்ரோபினைத் திருத்தி, ரத்தத்தில் அதிகம் கலக்காதபடி செய்த மருந்துதான் இப்ராட்ரோப்பியம். அரசு மருத்துவமனையில் இழுப்போடு போனால் நெபுலைசரில் போடுகிறார்களே, அதில் பெரும்பாலும் இதுவும் சேர்ந்திருக்கும்.

ஆக, தம்பி "இங்கிலீஷ் மருந்து" என்று சொன்னதில் பாதி நம்ம வேலியோரத்திலிருந்து போய் வந்ததுதான். போன இடத்தில் அளவு கற்றுக்கொண்டு வந்திருக்கிறது.

இனி என் கதை. எனக்கு இழுப்பு வந்தது முப்பது வயதுக்கு முன்னால். வங்கியின் பழைய பேரேடுகள் அடுக்கிய அறையில் ஆரம்பித்தது. பணியில் இருந்த காலம் பூரா தினமும் காலை மாலை பம்பு இழுத்துச் சமாளித்தேன். ஓய்வு பெற்று, போச்சம்பள்ளி பக்கம் நிலத்தில் இறங்கி, ரெண்டு வருஷத்தில் மண்புழு தலைகாட்ட ஆரம்பித்ததும் எனக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது. மண்ணுக்கே யூரியா வேண்டாம் என்றால் எனக்கு மட்டும் எதற்கு என்று பம்பை நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து சேர்ந்தார். சந்தைக்குச் சந்தை போய் சூரணம் விற்பவர். பொட்டலத்தில் பெயர் இல்லை, தயாரித்த இடம் இல்லை, என்னென்ன மூலிகை என்றும் இல்லை. "பரம்பரை ரகசியமுங்க" என்றார். வங்கியில் ஒரு கையெழுத்து கோணலாக இருந்தால் காசோலையைத் திருப்பி அனுப்பியவன் நான். பெயரே இல்லாத பொட்டலத்தை வாங்கி வாயில் போட்டேன்.

நாலு மாசம் சொர்க்கம். இழுப்பே இல்லை. பசி என்றால் அப்படியொரு பசி. முகம் உப்பி வந்தது. உடம்பு தேறுகிறது என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். அதுவரை இல்லாத சர்க்கரை வந்தது. மார்கழியில் அந்த மனிதர் வரவில்லை. பொடி தீர்ந்து பத்து நாள் ஆகியிருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தேன், மூச்சு உள்ளே போகவில்லை. வீட்டுக்காரம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட முழுசாக ஒரு வார்த்தை வரவில்லை. கையால் கட்டிலைத் தட்டினேன். 108 வந்து, மருத்துவமனையில் சேர்த்து, ரெண்டு நாள் கழித்துத்தான் சுயநினைவோடு பேசினேன்.

அங்கே இருந்த மருத்துவர் பொடியைப் பற்றிக் கேட்டுவிட்டு, நாலு மாசத்தில் எனக்கு வந்ததையெல்லாம் அவரே வரிசையாகச் சொன்னார். பசி, முகம் உப்பல், சர்க்கரை. "இது ஸ்டீராய்டு சாப்பிட்டவங்களுக்கு வர்றதுங்க. திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் ஆகும்" என்றார். பொட்டலம் ஒன்றும் மிச்சம் இல்லை, சோதிக்க முடியவில்லை. ஆனால் மூலிகை என்ற பெயரில் விற்கிற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல நாடுகளில், பல தடவை பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரையை மாசக்கணக்கில் உள்ளே அனுப்பினால், நம் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை நிறுத்திவிடும். பொடியைச் சட்டென்று விட்டால், உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்ற நிலை. அதில் உயிர் போகும். ஆகவே யாராவது இப்படிப் பெயரில்லாத பொடி மாசக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். பொடியோடு மருத்துவரிடம் போங்கள். மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

இங்கே வேடிக்கை என்னவென்றால், நான் ரசாயனம் வேண்டாம் என்று விட்டது பம்பிலுள்ள மைக்ரோகிராம் கணக்கு மருந்தை. பம்பில் ஒரு இழுப்புக்குச் சால்பூட்டமால் 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையாக வந்தால் 4 மில்லிகிராம், அதாவது 40 மடங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பு பூரா சுற்றி, கடைசியில் நுரையீரலுக்குக் கொஞ்சம் போய்ச் சேரும். பம்பு நேராக நுரையீரலுக்கே போகும். வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விடுவதற்கும், வேரடியில் சொட்டுநீர் விடுவதற்கும் உள்ள வித்தியாசம். "பம்பு போட்டா பழகிடும், கடைசி மருந்து அது" என்று ஊரில் சொல்வது அப்படியே தலைகீழ். அதுதான் முதல் மருந்து.

இன்னொன்று. நீலநிற பம்பு உடனடியாகக் குழாயைத் திறக்க. தினமும் இழுக்கிற பம்பு உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிக்க. 2019-இலிருந்து உலக ஆஸ்துமா வழிகாட்டியில், உடனடி பம்பை மட்டும் தனியாக நம்பிக் காலம் தள்ளக் கூடாது, அழற்சி தணிக்கும் மருந்தும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். கையில் பம்பு மட்டும் இருந்தால் போதாது. மருந்து தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளாமல் உள்ளே போக ஸ்பேசர் என்கிற குழாய் வேண்டும். தினப் பம்பு இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும். ஸ்பேசர் வாங்க வழியில்லாத குடும்பத்துக்கு ஒரு யோசனை: 1999-இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் குழந்தைகளுக்குச் சோதித்து, 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, இடைவெளி இல்லாமல் ஒட்டிவிட்டால், அது கடை ஸ்பேசர் அளவுக்கே வேலை செய்கிறது என்று 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். கழுவிக் காயவைத்த தண்ணீர் பாட்டில் போதும்.

நான் தேறிய பிறகு, முறையாகப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவர் பம்பை நிறுத்தச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அதை நிறுத்தாம வாங்க, மத்ததைப் பேசுவோம்" என்றார். அதிமதுரமும் திப்பிலியும் நான் தாராளமாகச் சாப்பிடுவதைக் கேட்டதும் முகம் மாறியது. அதிமதுரத்தைத் தினமும் அதிகமாக எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். ஆஸ்துமா மருந்துகளில் சிலவும் பொட்டாசியத்தைக் குறைப்பவை. ரெண்டும் சேர்ந்தால் இதயத்துக்கு ஆகாது. திப்பிலி, மிளகில் இருக்கும் பைப்பரின், நாம் சாப்பிடும் மற்ற மருந்துகளை ரத்தத்தில் அதிகமாகச் சேர்த்துவிடும். தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது முக்கியம். ரசத்தில் போடுகிற மிளகைச் சொல்லவில்லை, பொடியாக டப்பா டப்பாவாகச் சாப்பிடுவதைச் சொல்கிறேன். எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தப் பக்கத்து மருந்தை அந்தப் பக்கம் மறைக்காதீர்கள்.

வைட்டமின் டி மாத்திரை ஆஸ்துமாவைக் குறைக்கும் என்று மகள் வெளியூரிலிருந்து வாங்கி அனுப்பினாள். காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்புக் குழு 2016-இல் குறைக்கும் என்றுதான் எழுதியது. இன்னும் நிறைய ஆய்வுகளைச் சேர்த்து 2023-இல் மறுபடி பார்த்தபோது பலன் தெரியவில்லை என்று எழுதியது. குறைபாடு இருந்தால் சாப்பிடலாம். வெயிலில் கிடக்கும் நமக்கு இழுப்புக்காக என்று வேண்டாம். ஹைதராபாத்தில் ஜூன் மாசம், மிருகசீரிஷ கார்த்தியில் பத்தினி குடும்பத்தார் உயிர் விரால் மீன் வாயில் மஞ்சள் மருந்து வைத்து விழுங்கக் கொடுக்கிறார்கள். 1845-லிருந்து கொடுத்து வருவதாகச் சொல்கிறார்கள். காசு வாங்குவதில்லை என்பதை மதிக்கிறேன். ஆனால் மருந்தில் என்ன இருக்கிறது என்று சொல்வதும் இல்லை. ஏற்கெனவே ஒரு ரகசியம் சாப்பிட்டவன், எனக்கு இன்னொன்று வேண்டாம்.

மூலிகையைவிட எனக்குப் பெரிசாக உதவியது ஒரு நோட்டு. பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய் கிடைக்கிறது, சில நூறு ரூபாய்தான். மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே ஊதாக ஊதினால் முள் ஓர் எண்ணில் நிற்கும். காலையும் மாலையும் ஊதி, பக்கத்தில் அன்றைக்குப் பண்ணையில் என்ன வேலை என்று எழுதினேன். பழைய தொழில் புத்தி. எனக்கு நல்ல நாளில் 420 வரும். மூன்று மாசம் கழித்து நோட்டைப் புரட்டினால், 300-க்குக் கீழே போன நாள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வேலைகள்: மட்கு உரக்குவியல் புரட்டியது, பூஞ்சணம் பிடித்த வைக்கோல் பிரித்தது, தென்னை நார்க்கழிவு கொட்டியது, ராகி. நான் பக்கத்துத் தோட்டத்தில் மாம்பூவுக்கு அடித்த பூச்சிமருந்தை மட்டுமே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் உண்டுதான், ஆர்கனோ பாஸ்பரஸ் மருந்துகள் மூச்சுக்குழாயை நேரடியாகவே இறுக்கும், பூ எடுக்கும் மாசங்களில் அதற்குக் கதவைச் சாத்தத்தான் வேண்டும். ஆனால் நோட்டில் இருந்த நாட்களில் முக்கால்வாசி என் சொந்த இயற்கை உரம் செய்த வேலை.

காரணம் இதுதான். குவியல் சூடேறும்போது அதில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை செழித்து வளரும். புரட்டும்போது கண்ணுக்குத் தெரியாத வித்துகள் புகையாக எழும்பும். ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு இந்தப் பூஞ்சையே நுரையீரலில் ஒவ்வாமையாகத் தங்கி, சாதாரண மருந்துக்கு அடங்காத இழுப்பைக் கொடுக்கும். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் தூசியால், ஆஸ்துமாவே இல்லாதவருக்கும், வேலை முடிந்து சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரும்; அதற்கு உழவர் நுரையீரல் நோய் என்றே பெயர். டிரைக்கோடெர்மா, பிவேரியா பொடிகளும் வித்துகள்தான். நன்மை செய்யும் பூஞ்சை என்று நமக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியாது. பாக்கெட்டை வாளிக்குள் வைத்து, தண்ணீருக்கு அடியில் பிரியுங்கள். கந்தகத் தூள் அடிப்பதும், வேப்பம்புண்ணாக்கு இடிப்பதும் அப்படியே. பட்டுப்புழு மனை வைத்திருக்கும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்துப்பூச்சியின் செதில் தூசியும், மனை சுத்தம் செய்யும் பிளீச்சிங் பவுடர், ஃபார்மலின் நெடியும் சேரும்.

நான் இப்போது குவியலை முதல் நாள் சாயங்காலமே தண்ணீர் தெளித்து நனைத்து, மறுநாள் காலை வேறொருவரைப் புரட்டச் சொல்கிறேன். அவருக்கும் என்95 முகக்கவசம். தலைத்துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது பெரிய தூசிக்கு ஆகும், வித்துக்கு ஆகாது. கொசுவுக்கு நொச்சி மூட்டம் போடுவதை நிறுத்தினேன். மூலிகைப் புகை என்றாலும் புகை புகைதான். சாம்பிராணியும் வீட்டில் நின்றது, இதற்கு மட்டும் சண்டை வந்தது. விறகடுப்பைச் சாண எரிவாயுவுக்கு மாற்றினோம். எனக்காகச் செய்தது, வீட்டுக்காரம்மாவின் இருமல்தான் முதலில் போயிற்று.

கடைசியாக பார்த்தீனியம். 1950-களில் புனேயில் முதலில் கவனிக்கப்பட்ட அமெரிக்கக் களை, இன்று பெங்களூரிலிருந்து நம்ம ஊர் வரைக்கும் ரோட்டோரம், காலி மனை, சிப்காட் சுற்றுப்புறம் எல்லாம் அதுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் காங்கிரஸ் புல் என்பார்கள். அதன் மகரந்தம் தும்மல், தோல் அரிப்பு, இழுப்பு மூன்றையும் கொடுக்கும். 1984-இல் பெங்களூரில் மெக்சிகோ வண்டை விட்டார்கள். மழைக்காலத்தில் கோடு போட்ட சின்ன வண்டுகள் இலையைச் சல்லடையாக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதைக் கொல்லாதீர்கள். மழை பெய்து மண் இளகியதும், பூ எடுக்கும் முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்கி மட்குக் குழியில் போடலாம். பயிர் இல்லாத இடத்தில் லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்து, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் நேரத்தில் செடி நனைய அடித்தால் கருகும். விளைநிலத்தில் உப்பு வேண்டவே வேண்டாம். பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் மறுபடி வரும். ஆவாரை, தகரை, துத்தி விதைகளைத் தூவிவிட்டால் அவை இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இழுப்பு வந்தவர் ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நீல பம்பு இழுத்தும் அடங்காவிட்டாலோ கசாயம் வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக 4 முதல் 10 தடவை வரை நீல பம்பைக் கொடுத்து, 20 நிமிஷத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். இதை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், நம்மால் அப்போது பேச முடியாது.

அந்தத் தம்பி போகும்போது ஆடாதோடைக் குச்சி கேட்டார். பென்சில் கனம், ரெண்டு மூன்று கணு இருக்கிற மாதிரி வெட்டி, மழை ஈரத்தில் சாய்வாக ஊன்றினால் போதும், கவனிப்பே வேண்டாம். ஆடி மழைக்கு வரச் சொன்னேன். அவர் தோட்டத்துக்குப் போகிற வழியில் ரெண்டு பக்கமும் பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்திலேயே குச்சியை ஊன்றச் சொல்லியிருக்கிறேன்.